எல்க் வேட்டைக்கு லாங் ரேஞ்ச் ரைஃபிள் வாங்குறவங்களுக்கு

அமெரிக்காவுல கொலராடோ பக்கம் எல்க், அதாவது பெரிய மான், வேட்டைக்கு துப்பாக்கி பாக்கறவங்க எல்லாரும் கேலிபர்லதான் (குண்டோட விட்டம்) ஆரம்பிப்பாங்க, நான் சொல்றது சுடும்போது உங்க தோள் எவ்ளோ உதை தாங்கும்னு முதல்ல பாருங்க. மேக்னம்னா பவர் ஜாஸ்தி தோட்டா; அதுல 300 வின்செஸ்டர் மேக்னம் 1963லேர்ந்து ஓடுற குதிரை, 7 எம்எம் ரெமிங்டன் மேக்னம் அதுக்கு ஒரு வருஷம் மூத்தது, ரெண்டுமே தூரத்துல நல்லா நிக்கும், என்ன, செம்ம உதை! பயந்து கண்ண மூடிட்டு ட்ரிகர இழுத்தா எந்த மேக்னமும் வேலைக்காகாது. 6.5 கிரீட்மூர்ங்கற தோட்டா உதைல சாஃப்ட்டுதான், ஆனா 300 கிலோ ஆண் எல்க்குக்கு 400 யார்டு (சுமார் 365 மீட்டர்) தாண்டி அத நான் நம்பமாட்டேன்.

கொலராடோ சட்டப்படி எல்க்குக்கு புல்லட் எடை குறைஞ்சது 85 கிரெய்ன் (சுமார் 5.5 கிராம்) இருக்கணும், அது வெறும் பாஸ் மார்க்குங்க, மேக்னத்துல 160லேர்ந்து 200 கிரெய்னுக்குள்ள, எலும்ப உடைச்சு உள்ள போற பாண்டட் (உள்ள இருக்குற ஈயமும் மேல் உறையும் பிரியாம ஒட்டினது) இல்லனா காப்பர் புல்லட்டா பாத்து எடுங்க.

வெயிட்டு? 10,000 அடி மலைல தூக்கிட்டு நடக்கணும், அதுக்காக ரொம்ப லேசா எடுத்தா உதை கூடும், ஸ்கோப்போட 4 கிலோ கிட்ட இருந்தா எனக்கு ஓகே. குழல் முனைல மாட்டுற மசில் பிரேக் போட்டா உதை குறையும், காது போயிடும், இயர் பிளக் கட்டாயம். பட்ஜெட் இடிச்சா துப்பாக்கில குறைங்க, ஸ்கோப்புல குறைக்காதீங்க.