ஜப்பானியக் கல்லறைகளில் விண்மீன் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு தம்பி மடிக்கணினியோடு வந்தார். நாரா மாவட்டம் அசுகா கிராமத்தில் இருக்கும் கிடோரா கல்லறையின் கூரையில் வரைந்த விண்மீன் படத்தைக் கணினி காட்டும் வானத்தோடு பொருத்திவிட்டு, "அண்ணா, கி.பி. 700, அசுகா வானம், அப்படியே பொருந்துது" என்றார். இதே வேலையில் ஆறு மாதத்தைத் தொலைத்தவன் நான். அதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

கல்லறையின் வயது வேறு, வானத்தின் வயது வேறு

கிடோரா 7ஆம் நூற்றாண்டின் இறுதியிலோ 8இன் தொடக்கத்திலோ எழுந்தது. ஆனால் கூரையில் இருப்பது அன்றைய இரவு வானம் அல்ல. சீன மரபில் வந்த பழைய படம் ஒன்றின் பிரதி. 2015இல் அதை ஆராய்ந்த இருவரில் ஒருவர் கி.பி. 4ஆம் நூற்றாண்டை ஒட்டிய வானம் என்றார்; மற்றவர் கி.மு. 1ஆம் நூற்றாண்டு என்றார்.

அளவுகோலை எடுத்தபோதுதான் எனக்கு உறைத்தது. துருவத்திலிருந்து வான நடுக்கோட்டு வட்டம் வரை ஏறக்குறைய 20 செ.மீ. அதற்குள் 90 பாகை. பாகைக்கு இரண்டேகால் மி.மீ. கூட வராது. விண்மீனாக ஒட்டிய பொன் பொட்டோ 6 மி.மீ. பூமி அச்சின் தலையாட்டத்தால் விண்மீன்கள் 1 பாகை நகர 72 ஆண்டு ஆகும். ஆக, ஒரு பொட்டின் அகலத்துக்குள்ளேயே இருநூறு ஆண்டு அடங்கிவிடுகிறது. நான் என்ன செய்தேன்? 350 பொட்டுகளில் 700ஆம் ஆண்டுக்கு ஒத்துவந்தவற்றை வைத்துக்கொண்டு, மற்றவற்றை ஓவியரின் கைப்பிசகு என்று ஒதுக்கினேன்.

பிரதி என்பதற்கு அந்தக் கூரையே சாட்சி. சூரியப் பாதையின் வட்டம் தவறான பக்கம் விலகி நிற்கிறது. வானம் அறிந்தவர் கையில் அந்தப் பிழை வராது. படத்தைப் பார்த்துப் படம் எழுதியவர் கையில் வரும்.

இடத்திலும் இதே பொறி. நடுவிலுள்ள சிறு வட்டம், என்றும் மறையாத விண்மீன்களின் எல்லை. அதன் அளவு அட்சரேகையைச் சொல்லும். 34 பாகை என்று வந்ததும் "அசுகாவேதான்!" என்று துள்ளினேன். பழைய சீனத் தலைநகரங்களான சாங்கானும் லுவோயாங்கும் அதே 34 பாகையை ஒட்டித்தான் இருக்கின்றன.

ஏழு வட்டமெல்லாம் சப்தரிஷி அல்ல

குமாமோட்டோவின் சிபுசான் கல்லறையில், மகுடம் வைத்த உருவத்தின் தலைக்குமேல் ஏழு வெள்ளை வட்டங்கள். விண்மீனாக இருக்கலாம். ஆனால் அதே அறைச் சுவர் முழுக்க வட்டமும் முக்கோணமும் சாய்சதுரமும் நிறைந்திருக்கின்றன. அவற்றையும் விளக்கிவிட்டுப் பெயர் வையுங்கள்.

28ஐ 27க்குள் திணிக்காதீர்கள்

நிலா செல்லும் வழியைச் சீன, ஜப்பானிய மரபு 28 மனைகளாகப் பிரிக்கிறது; நம் மரபில் 27 நட்சத்திரங்கள். அவர்களின் சுபாரு நம் கார்த்திகைதான். காக்கு மனையின் முதல் மீனும் நம் சித்திரைதான். அந்த உற்சாகத்தில் திருவோணம் வரை போனால் கால் இடறும். திருவோணத்துக்கு ஈடான அவர்கள் மனை வேறு மீன்களில், மகர ராசி மீன்களில், இருக்கிறது.

தகாமட்சுசூகாவை அளக்காதீர்கள்

இதுவும் அசுகாவில் உள்ள ஒரு கல்லறை; இதன் ஓவியங்கள் 1972இல் கிடைத்தன. கூரையில் மனைகளைச் சதுரமாக அடுக்கியிருக்கிறார்கள். அளக்க அதில் ஒன்றுமில்லை.

கிழக்கு இடப்பக்கம்

வடக்கை மேலே வைத்தால், நில வரைபடத்தில் போலக் கிழக்கை வலப்பக்கம் தேடாதீர்கள். அது கூரை. அண்ணாந்து பாருங்கள்.