டியூவில் பைக் எடுக்கும்போது செய்யக் கூடாத தவறுகள்

வேலை மாறியபோது புதிய கம்பெனி வேறொரு வங்கியில் சம்பளக் கணக்கு தொடங்கிக் கொடுத்தது. பைக் டியூ பழைய கணக்கிலிருந்துதான் போகிறது என்பது எனக்கு நினைவிலேயே இல்லை. இரண்டு மாதம் தொடர்ந்து பணம் இல்லாமல் திரும்பியது. ஒவ்வொரு முறையும் வங்கி ஓர் அபராதம் பிடித்தது, கடன் கொடுத்த நிறுவனம் தனியாக ஒன்று போட்டது. எல்லாவற்றையும் கட்டியதோடு விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த வருடம் வீட்டுக் கடன் கேட்டுப் போனபோது மேலாளர் என் சிபில் அறிக்கையைத் திருப்பிக் காட்டினார். அந்த இரண்டு மாதங்களுக்கு நேராக 26, 56 என்று இருந்தது. டியூ கட்டாமல் எத்தனை நாள் ஓடியது என்ற கணக்கு அது. இப்படிக் கடைசி 36 மாத விவரம் அறிக்கையில் மாதம் மாதமாகத் தெரியும்.

பைக் கடன் சின்னக் கடன் என்று நாம் நினைக்கிறோம். பலருக்கு வாழ்க்கையின் முதல் கடனும் அதுதான். பின்னால் வீட்டுக் கடனோ தொழில் கடனோ கேட்கப் போகும்போது முதலில் பேசுவது இந்தச் சின்னக் கடனின் பக்கம்தான். அதனால் இதை ஷோரூமில் உட்கார்ந்து பத்து நிமிடத்தில் முடிக்கிற வேலையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வண்டி எடுப்பதற்கு மூன்று மாதம் முன்பே தொடங்க வேண்டிய வேலை.

சிபில் என்பது நாம் வாங்கிய கடன்களையும் அவற்றைக் கட்டிய விதத்தையும் பதிவு செய்து வைக்கும் ஒரு நிறுவனத்தின் பெயர். அதைப் போல எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று இன்னும் மூன்று இந்தியாவில் இருக்கின்றன. சிபில் மதிப்பெண் 300-இல் தொடங்கி 900 வரை போகும். 750-க்கு மேல் இருந்தால் பொதுவாகச் சிக்கல் இருக்காது. ரிசர்வ் வங்கி விதிப்படி இந்த நான்கு நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை உங்களுக்கு இலவசமாகத் தர வேண்டும். "அடிக்கடி பார்த்தால் ஸ்கோர் குறைந்துவிடும்" என்று சொல்வார்கள். நம் அறிக்கையை நாமே பார்ப்பதால் ஒரு புள்ளிகூடக் குறையாது. கடன் கேட்டு நிறுவனங்கள் பார்ப்பதுதான் கணக்கில் வரும்.

அறிக்கையைத் திறந்தால் நம் ஊர்ப் பிள்ளைகள் பலருக்கு அதிர்ச்சி கொடுப்பது கல்விக் கடன். இன்ஜினியரிங் படிக்க வாங்கியது, படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துக் கட்டத் தொடங்கியிருக்க வேண்டும். எப்படியும் தள்ளுபடி ஆகிவிடும் என்று யாரோ சொன்னதை நம்பி விட்டிருப்பார்கள். அந்தக் கடனில் அப்பாவோ அம்மாவோ கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்துப் போட்டிருப்பதால் அவர்கள் அறிக்கையும் சேர்ந்து கெட்டிருக்கும். "சரி, அப்பா பேரில் வண்டி எடுக்கலாம்" என்று போனால் அங்கேயும் கதவு மூடியிருப்பது இதனால்தான். வங்கியில் வைத்த நகைக்கடன், மகளிர் குழுக் கடன், மொபைல் ஆப்பில் அவசரத்துக்கு வாங்கிய ஐயாயிரம் ரூபாய் இவையும் அறிக்கையில் ஏறும்.

கட்டி முடித்த கடன் இன்னும் பாக்கி என்று இருந்தாலோ, வாங்காத கடன் உங்கள் பேரில் இருந்தாலோ, அந்தத் தகவல் நிறுவனத்திடமே ஆன்லைனில் புகார் பதியலாம். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்கு இழப்பீடாகத் தர வேண்டும் என்பது 2024 ஏப்ரலிலிருந்து நடைமுறை. அப்படியும் நடக்கவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், 14448 என்ற எண்ணில் வழி கேட்கலாம். இதற்கெல்லாம் காசு கிடையாது. "சிபில் கிளியர் பண்ணித் தருகிறோம்" என்று போஸ்டர் ஒட்டி ஐந்தாயிரம், பத்தாயிரம் கேட்பவர்களிடம் போகவே போகாதீர்கள். உண்மையாகவே கட்டாமல் விட்ட பதிவை யாராலும் அழிக்க முடியாது. தவறான பதிவைத் திருத்த அவர்கள் தேவையில்லை.

இதுவரை கடனே வாங்காதவர்களுக்கு மதிப்பெண் இருக்கும் இடத்தில் -1 என்று வரும். அதைப் பார்த்துப் பயந்து வட்டிக்காரரிடம் போகிறவர்கள் உண்டு. -1 என்றால் கெட்ட பேர் என்று அர்த்தம் இல்லை, இன்னும் பேரே எடுக்கவில்லை என்றுதான் அர்த்தம். முதல் முறை கேட்பவரை வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் திருப்பி அனுப்பக் கூடாது என்றும் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. முன்பணம் கொஞ்சம் கூடுதலாகப் போட்டு, சம்பளம் வரும் வங்கியிலேயே முதலில் கேட்டுப் பாருங்கள். சம்பளச் சீட்டு இல்லாத டெலிவரி வேலைக்காரர்கள், ஆறு மாத வங்கிக் கணக்கு விவரத்தை எடுத்து வைத்துக்கொண்டு போனால் பேச ஓர் ஆதாரம் இருக்கும்.

நண்பனுக்காக நம் பேரில்

இந்தத் தவறைப் பற்றிச் சொல்லாமல் விட எனக்கு மனம் வராது. "மச்சான், எனக்கு சிபில் இல்லை, உன் பேரில் எடுத்துக் கொடு, டியூ நான் கரெக்டா கட்டிருவேன்." கேட்பவன் ஏமாற்றுக்காரன் இல்லை. கட்டத்தான் நினைக்கிறான். ஆனால் அவன் வேலை போனாலோ வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்தாலோ முதலில் நிற்பது வண்டி டியூதான். அழைப்பு வருவது உங்களுக்கு, பதிவு ஏறுவது உங்கள் அறிக்கையில். அதோடு போகாது. ஆர்சி உங்கள் பேரில் இருப்பதால் அந்த வண்டி யார் மேலாவது மோதினால் சட்டம் உங்களைத்தான் உரிமையாளராகப் பார்க்கும். இன்சூரன்ஸ் புதுப்பிக்காமல் இருந்தாலோ ஓட்டியவனுக்கு லைசென்ஸ் இல்லாமல் இருந்தாலோ நஷ்ட ஈட்டுச் சுமை உங்கள் வாசலுக்கு வரும். ஜாமீன் கையெழுத்தும் கிட்டத்தட்ட இதே கதைதான், கட்டாமல் போனால் கேள்வி உங்களிடமும் வரும். உதவ வேண்டும் என்றால் முன்பணத்தில் முடிந்ததைக் கையில் கொடுங்கள். பேரைக் கொடுக்காதீர்கள்.

ஷோரூம் மேசையில்

வண்டியைப் பிடித்துவிட்டது, கலரும் முடிவாகிவிட்டது. அங்கே இருக்கும் ஃபைனான்ஸ் ஆள் ஆதார், பான் இரண்டையும் வாங்கி "ஒரு ஓடிபி வரும், சொல்லுங்க" என்பார். சொன்னால் ஒரு நிறுவனம் உங்கள் அறிக்கையைப் பார்க்கும். சரியாகவில்லை என்றால் அடுத்த ஓடிபி, அதற்கடுத்த ஓடிபி. அரைமணி நேரத்தில் நான்கைந்து நிறுவனங்கள் பார்த்ததாகப் பதிவாகும். கடனுக்காக அலைகிறவர் என்ற தோற்றம் அதனால் வருகிறது, மதிப்பெண்ணும் கொஞ்சம் இறங்கும். ஓடிபி சொல்வது சம்மதக் கையெழுத்து போடுவதற்குச் சமம். "எந்த நிறுவனம், என்ன வட்டி, எனக்குக் கிடைக்க வாய்ப்பு உண்டா?" என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

அடுத்தது வட்டி. "பத்து பர்சென்ட்தான் சார்" என்பார்கள். அது ஃபிளாட் வட்டியா, குறையும் அசலுக்கு வட்டியா என்று கேட்காமல் வருவதுதான் இந்த மேசையில் நடக்கும் பெரிய நஷ்டம். 1,00,000 ரூபாய் கடன், 36 மாதம் என்று வைத்துக்கொள்வோம். ஃபிளாட் 10 சதவீதம் என்றால் மூன்று வருட வட்டி 30,000 ரூபாயை முதலிலேயே சேர்த்து 36-ஆல் வகுப்பார்கள். டியூ 3,611 ரூபாய். நீங்கள் மாதாமாதம் அசலை அடைத்துக்கொண்டே வந்தாலும் வட்டி மட்டும் முழு லட்சத்துக்கும் ஓடுகிறது. குறையும் அசலுக்கு அதே 10 சதவீதம் என்றால் டியூ ஏறத்தாழ 3,227 ரூபாய், மொத்த வட்டி 16,200 ரூபாய்க்குள் முடிந்துவிடும். அந்த ஃபிளாட் 10-ஐக் குறையும் அசல் கணக்கில் பார்த்தால் கிட்டத்தட்ட 18 சதவீதம் வருகிறது.

இதைக் கணக்குப் போடத் தெரியவில்லை என்று வருத்தப்பட வேண்டாம். 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர்கள் வாங்கும் எல்லாச் சில்லறைக் கடனுக்கும் முக்கிய விவர அறிக்கை என்று ஒன்றைக் கையெழுத்துக்கு முன்பே தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. ஷோரூமில் கேஎஃப்எஸ் என்று கேளுங்கள். வட்டி, பிராசசிங் சார்ஜ், டாக்குமெண்ட் சார்ஜ், கடனோடு ஒட்டிய இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் சேர்த்து வருடத்துக்கு உண்மையில் எத்தனை சதவீதம் என்று அதில் ஒரே எண்ணாக இருக்கும். அதன் பேர் ஏபிஆர். இரண்டு நிறுவனங்களை ஒப்பிட வேண்டும் என்றால் அந்த எண்ணை மட்டும் ஒப்பிடுங்கள். முன்கூட்டியே முடித்தால் என்ன கட்டணம் என்பதையும் அதிலேயே பாருங்கள், பைக் கடன்கள் பெரும்பாலும் நிலையான வட்டியில் இருப்பதால் கட்டணம் இருக்க வாய்ப்பு உண்டு.

டியூவைக் குறைக்க மாதத்தைக் கூட்டுவதும் கையைக் கடிக்கும். மேலே சொன்ன 18 சதவீதத்தில் ஒரு லட்சத்தை 24 மாதத்தில் முடித்தால் வட்டி 20,000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. 48 மாதம் இழுத்தால் 41,000. நான்காவது வருடம் டயரும் செயினும் மாற்றும் செலவு தனியாக வந்து நிற்கும்.

ஆன்ரோடு விலையையும் பிரித்துக் கேளுங்கள். தமிழ்நாட்டில் புது பைக்கின் விலை 1 லட்சத்தைத் தாண்டினால் ஆயுள் வரி மட்டும் 12 சதவீதம். ஐந்து வருட மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் புது இருசக்கர வாகனத்துக்குக் கட்டாயம், அதைத் தவிர்க்க முடியாது. வண்டிச் சேதத்துக்கான பாலிசியை ஒரு வருடத்துக்கு எடுத்து, பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம். கிராஷ் கார்டு, சீட் கவர், பாலிஷ் கோட்டிங் இவற்றைக் கடனில் சேர்த்தால் சீட் கவருக்கும் மூன்று வருடம் வட்டி கட்டுவீர்கள். வேண்டியதைக் கைக்காசில் போடுங்கள்.

டியூ தேதியைச் சம்பளம் வந்து நான்கைந்து நாள் கழித்து வரும்படி கேட்டு வாங்குங்கள்.

கட்ட முடியாமல் போகும் மாதமும் வரலாம். போனை எடுக்காமல் இருப்பதுதான் அப்போது எல்லாரும் செய்வது. முதல் டியூ தவறும் முன்பே நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதிவிடுங்கள், 90 நாளைத் தாண்டினால் கடன் வாராக்கடன் பட்டியலுக்குப் போய்விடும். வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்போ மாலை 7 மணிக்குப் பின்போ அழைக்கக் கூடாது, மிரட்டக் கூடாது. "வண்டியையே எடுத்துக்கோங்க" என்று சாவியைக் கொடுத்தாலும் கடன் தீராது. ஏலத்தில் வந்த பணத்தைக் கழித்துவிட்டு மிச்சத்தை உங்களிடம்தான் கேட்பார்கள். பாதியைக் கட்டுங்கள், செட்டில்மெண்ட் போட்டுக்கலாம் என்று வந்தால், அறிக்கையில் 'முடிந்தது' என்று வராது, 'செட்டில்டு' என்று வரும். அடுத்த கடன் கொடுப்பவர் அதை முழுசாகக் கட்டாதவர் என்றே படிப்பார். முடிந்தால் கடன்காலத்தை நீட்டித்தாவது முழுத் தொகையைக் கட்டி முடிக்கப் பாருங்கள்.

கடைசி டியூ போனதும் பலர் மறந்துவிடும் வேலை ஒன்று பாக்கி இருக்கிறது. ஆர்சியில் கடன் கொடுத்தவர் பேர் ஏறியிருக்கும், அது தானாக நீங்கிவிடும் என்று இருக்கக் கூடாது. நிறுவனத்திடம் என்ஓசி என்ற ஆட்சேபம் இல்லை என்னும் கடிதமும் கையெழுத்திட்ட படிவம் 35-உம் வாங்கி, ஆர்டிஓ அலுவலகத்தில் அந்தப் பேரை நீக்க வேண்டும், அதைத்தான் ஹெச்.பி. கேன்சல் என்பார்கள். இல்லாவிட்டால் வண்டியை விற்கும்போதும், வண்டி திருடு போய் இன்சூரன்ஸ் பணம் கேட்கும்போதும் அந்தப் பேர் குறுக்கே வரும். பிறகு ஒரு மாதம் கழித்து அறிக்கையை இன்னொரு முறை திறந்து, அந்தக் கடனுக்கு நேராகப் பாக்கி பூஜ்யம், கணக்கு முடிந்தது என்று இருக்கிறதா என்று பாருங்கள். என்ஓசியின் நகல் ஒன்றை வீட்டில் பத்திரமாக வையுங்கள், அறிக்கையில் தப்பு இருந்தால் புகாரோடு இணைக்க வேண்டியது அதுதான்.