பழைய கம்ப்யூட்டரைத் தானம் கொடுக்கும்போது நம்மூரில் செய்யும் தவறுகள்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் பக்கம் ஒரு நடை நடந்து பாருங்கள். எனாமல் சட்டி, மரத்தூண், ஓடாத சுவர்க் கடிகாரம் எல்லாம் வயது ஏற ஏற விலையும் ஏறி நிற்கும். பழசுக்கு மதிப்பு உண்டு என்று பழகிப்போன ஊர் இது. அந்தப் பழக்கம்தான் கம்ப்யூட்டர் விஷயத்தில் நம்மைக் கவிழ்க்கிறது. "இருக்கட்டும், பிறகு யாருக்காவது கொடுக்கலாம்" என்று இரண்டாங்கட்டு அறையில் வைத்துப் பூட்டிவிட்டுச் சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ போய்விடுகிறோம். அடுத்த கல்யாணத்துக்கு வீட்டைத் திறக்கும்போதுதான் அதன் நினைப்பே வருகிறது.

நான் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவன். பள்ளத்தூர்ப் பக்கம் ஓர் ஆச்சி இப்படித்தான் கூப்பிட்டு விட்டார். "நல்லாத்தான் ஓடிச்சு தம்பி. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் குடுத்திருங்க." பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினேன். காற்றாடியில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. பவர் சப்ளை பெட்டிக்குள் இரண்டு பல்லி முட்டை ஓடு. சுத்தம் செய்து ஓட விட்டால், தேதி 2011 ஜனவரி 1 என்று காட்டியது. மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி செத்துவிட்டால் இப்படித்தான் ஆகும். சில பத்து ரூபாய்ச் சாமான். ஆனால் தேதி தப்பாக இருந்தால் பிரவுசர் பாதி இணையதளங்களைத் திறக்காது. வாங்குகிறவருக்குக் காரணம் தெரியாமல் "ஓட்டைப் பொட்டியைத் தலையில் கட்டிட்டாங்க" என்றுதான் தோன்றும். கொடுப்பதென்று முடிவானால், ஓடும்போதே கொடுத்துவிடுவது நல்லது.

அடுத்த தவறுதான் பெரியது. சீர்ப் பாத்திரங்களில் பெயரெழுத்து வெட்டி வைப்பது இங்கே வழக்கம். ஹார்ட் டிஸ்க்கிலும் உங்கள் பெயர் வெட்டித்தான் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். பாகப்பிரிவினைப் பத்திரத்தின் ஸ்கேன், ஆதார், பான், பாஸ்போர்ட் நகல், பிரவுசர் நினைவில் வைத்திருக்கும் பேங்க் பாஸ்வேர்டு எல்லாம் அதில் கிடக்கும். ரீசைக்கிள் பின்னைக் காலி செய்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. அழிப்பது என்பது புத்தகத்தின் பொருளடக்கப் பக்கத்தைக் கிழிப்பது மாதிரி. உள்ளே பக்கங்கள் அப்படியே இருக்கும். 'குயிக் ஃபார்மட்' செய்தாலும் இதே கதைதான். இலவசமாகக் கிடைக்கும் மீட்பு மென்பொருளை வைத்து ஒரு கல்லூரிப் பையன் ஒரு சாயங்காலத்தில் பாதியை வெளியே எடுத்துவிடுவான்.

விண்டோஸ் 10 என்றால் செட்டிங்ஸில் அப்டேட் அண்ட் செக்யூரிட்டி, அதில் ரெகவரி, அதில் 'ரீசெட் திஸ் பிசி'. 'ரிமூவ் எவ்ரிதிங்' கொடுத்துவிட்டு நின்றுவிடாதீர்கள். சேஞ்ச் செட்டிங்ஸுக்குள் போய் 'கிளீன் டேட்டா'வையும் ஆன் செய்ய வேண்டும். அதுதான் பழையதன் மேல் புதிதாக எழுதி மறைக்கும். பெரிய டிஸ்க்கானால் பல மணி நேரம் பிடிக்கும், இரவு போட்டுவிட்டுப் படுத்துவிடுங்கள். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, வேகமான சேமிப்பு) இருந்தால், அதைத் தயாரித்த கம்பெனியே தரும் மென்பொருளில் 'செக்யூர் இரேஸ்' செய்வது நல்லது. இதற்கெல்லாம் முன்னால் போட்டோக்களை வேறொன்றில் நகல் எடுத்து, அந்த நகல் திறக்கிறதா என்றும் பாருங்கள். கடைக் கணக்கு டாலியில் இருந்தால் லைசென்ஸை முதலில் சரண்டர் செய்துவிடுங்கள்.

இதைக் கேட்டுப் பயந்துபோய் ஹார்ட் டிஸ்க்கை உருவிக்கொண்டு வெறும் பெட்டியைக் கொடுப்பவர்களும் உண்டு. அது இன்னொரு தவறு. பவர் கார்டு இல்லாமல், மானிட்டர் கேபிள் இல்லாமல், கீபோர்டு இல்லாமல் வரும் கம்ப்யூட்டரும் அப்படித்தான். காரைக்குடிக்கு மத்திய மின்வேதியியல் ஆய்வகம் வந்த கதை எல்லோருக்கும் தெரியும். வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலம் கொடுத்தார், கூடவே 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். நிலம் தந்தாச்சு, கட்டடத்துக்கு நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று விடவில்லை. நம் அளவில் அது, உருவிய டிஸ்க்குக்குப் பதில் ஒரு 256 ஜிபி எஸ்எஸ்டி, 4 ஜிபிக்குக் குறையாத ரேம், ஒரு மவுஸ். பழைய டிஸ்க் உங்களிடமே இருக்கும், பெட்டியும் முன்பைவிட வேகமாக ஓடும்.

பிறகு விண்டோஸ். விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14ஆம் தேதியோடும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடும் மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு, அதாவது பாதுகாப்பு அப்டேட், முடிந்துவிட்டது. பழைய கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவை விண்டோஸ் 11க்கான தகுதியில் தேறாது. அதற்காகத் திருட்டு விண்டோஸைப் போட்டுக் கொடுக்காதீர்கள். விண்டோஸுக்குப் பதிலாகப் போடலாம் என்று அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இலவசம், தமிழிலும் இயங்கும். லினக்ஸ் மின்டும் இலவசம்தான். தட்டச்சு பழக, பாடம் பார்க்க, கடிதம் அடிக்க இவை தாராளம்.

கேட்காமல் கொண்டுபோய் இறக்குவது இன்னொரு வழக்கம். பள்ளியோ நூலகமோ முதியோர் இல்லமோ, முதலில் போன் போட்டு, இது வேண்டுமா, வைக்க இடம் இருக்கிறதா, யார் பயன்படுத்துவார்கள் என்று கேளுங்கள். அரசுப் பள்ளி என்றால் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுத்து, இருப்புப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். வருமான வரிச் சலுகைக்கான 80ஜி ரசீது எதிர்பார்க்க வேண்டாம். அந்த வரிச் சலுகை பணமாகக் கொடுப்பதற்குத்தான், பொருளுக்குக் கிடையாது.

பெட்டி மாதிரி முதுகு நீண்ட பழைய மானிட்டரைத் தயவுசெய்து யாருக்கும் தானம் கொடுக்காதீர்கள். அந்தக் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. பேரீச்சம்பழத்துக்குப் போடுகிற சரக்கும் இல்லை அது. பழைய இரும்புக் கடையில் ஒயரைக் கொளுத்திச் செம்பு எடுப்பார்கள், நச்சுப் புகை நம் தெருவுக்குத்தான் வரும். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் இது போக வேண்டும். யூபிஎஸ் பேட்டரியைப் புதிது வாங்கும் கடையிலேயே கொடுத்தால் எடுத்துக்கொள்வார்கள், விலையிலும் கொஞ்சம் குறைப்பார்கள்.

ஆச்சியின் கம்ப்யூட்டர் இப்போது ஒரு மாலை வகுப்பில் இருக்கிறது. கழற்றிய ஹார்ட் டிஸ்க்கில் மகள் கல்யாணப் போட்டோக்கள் இருந்தன. பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். ஆனாலும் அந்த டிஸ்க்கை விடவில்லை. எவர்சில்வர் டப்பாவில் போட்டு, பத்திரம் வைக்கிற பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்.