ஏர் ரைஃபிள்ல குரூப் சிதறுனத சரி பண்ணது

மான் வேட்டைக்கு தோட்டா ரீலோட் பண்ற (காலித் தோட்டால மறுபடி மருந்தும் குண்டும் போடுற) வெளிநாட்டு வீடியோவ பாத்துட்டு, நாமளும் இப்படிப் பண்ணலாமானு பசங்க கேக்குறாங்க, நம்ம அமிர்தி, ஜவ்வாது மலை பக்கம்லாம் மான தொடவே கூடாதுப்பா, 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் இருக்கு, ஆனா அவங்க ஒவ்வொரு குண்டா அளந்து பிரிக்கிறாங்க பாருங்க, அந்தப் பொறுமை 10 மீட்டர் ஏர் ரைஃபிளுக்கும் வேணும்.

எனக்கு குண்டு ஒண்ணு வலது பக்கம், ஒண்ணு கீழனு சிதறிட்டே இருந்துச்சு. சைட்ட (குறி பாக்குற கருவி) திருகுனா குரூப் (அட்டைல விழுற ஓட்டைங்களோட கூட்டம்) மொத்தமா நகருமே தவிர சுருங்காது. பத்துப் புள்ளி தர்ற நடுப்பொட்டு வெறும் 0.5 மி.மீ. தான், இதுல பெல்லட் (ஏர் ரைஃபிள்ல போடுற சின்ன ஈயக் குண்டு) சரியில்லனா என்ன பண்ண முடியும்? காட்பாடில கூட சுடுற அண்ணன் "ரைஃபிள வைஸ்ல (ஆடாம இறுக்கிப் பிடிக்கிற கருவி) பிடிச்சு பெல்லட்ட மட்டும் மாத்திப் பாருப்பா"னாரு. டப்பா மேல ஹெட் சைஸ் (பெல்லட் தலையோட விட்டம், மி.மீ.ல) போட்டிருக்கும், 4.49, 4.50, 4.51னு வாங்கி தனித்தனி அட்டைல சுட்டேன். 4.49 பரவிடுச்சு, 4.50 மட்டும் ஒரே ஓட்டையா கிழிஞ்சுது, பாக்கவே அவ்ளோ சந்தோஷம்! உங்க பேரலுக்கு (துப்பாக்கிக் குழலுக்கு) வேற சைஸ் பிடிக்கலாம், சுட்டுத்தான் பாக்கணும்.

இன்னொண்ணு, ஈயம் மெத்துனு இருக்கும், டப்பா குலுங்குனாலே பின் விளிம்பு நசுங்கிடும். கண்ணாடி மேல உருட்டுனா நல்லது சீரா வளைஞ்சு ஓடும், நசுங்குனது தத்தித் தத்திப் போகும், அத ஒதுக்கிடுங்க. முடிச்சதும் சோப்பு போட்டு கை கழுவிட்டு அப்புறம் சாப்பிடுங்க, ஈயம் உடம்புக்கு ஆகாது.