காரில் பேஸ் அடிக்கவில்லையா? பெரிய ஆம்ப் வாங்கும் முன் இதைச் செய்யுங்கள்

"சப்வூஃபர் போட்டும் பேஸே இல்லையே, இன்னும் பெரிய ஆம்ப் போடலாமா?" என்று கேட்பவர்களுக்கு என் பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஆம்பின் (ஆம்ப்ளிஃபையர்) வாட்ஸை இரண்டு மடங்காக்கினாலும் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு லேசாகத்தான் தெரியும். இருக்கிற செட்டில் வீணாகும் பேஸை முதலில் மீட்போம். ஒரு ஸ்க்ரூடிரைவர், கொஞ்சம் உப்புத்தாள், சாதாரண மல்டிமீட்டர் போதும்.

படி 1: வயரை மாற்றிக் கொடுங்கள்

செட்டை அணைத்துவிட்டு, வூஃபர் பெட்டியின் பின்னால் உள்ள பிளஸ், மைனஸ் வயர்களை இடம் மாற்றுங்கள். அதே பாட்டை, அதே வால்யூமில், டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கேளுங்கள். கதவு ஸ்பீக்கர் முன்னே தள்ளும்போது வூஃபர் பின்னே இழுத்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். எந்தப் பக்கம் கனமாகக் கேட்கிறதோ அப்படியே விட்டுவிடுங்கள். இரட்டை காயில் (கம்பிச்சுருள்) உள்ள வூஃபரில் இரண்டு சுருளும் ஒரே போக்கில் இருக்கவேண்டும். ஒன்று தலைகீழானால் கோன் (வூஃபரின் கூம்பு) அசையவே அசையாது.

படி 2: எர்த்தைப் பாருங்கள்

என் முதல் காரில் பாட்டின் ஒவ்வொரு அடிக்கும் ஆம்ப் விளக்கு மங்கியது. மாட்டிக்கொடுத்த கடையில் "பேட்டரி வீக் சார்" என்றார்கள். ஆம்பின் மைனஸ் வயரைக் காரின் தகட்டோடு பிணைக்கும் எர்த் போல்ட்டைக் கழற்றினால், அடியில் பெயிண்ட் அப்படியே பளபளவென்று இருக்கிறது! உப்புத்தாளால் வெள்ளைத் தகடு தெரியும்வரை தேய்த்து, இறுக்கிப் போட்டேன். பேட்டரியை மாற்றவே இல்லை.

எர்த் வயர் அரை மீட்டருக்குள் இருக்கட்டும், பவர் வயர் அளவுக்கே தடிமனாகவும். சீட்பெல்ட் போல்ட்டில் மட்டும் மாட்டாதீர்கள். பிறகு எஞ்சினை ஓடவிட்டு (திறந்த இடத்தில்), பாட்டு ஓடும்போதே பேட்டரி முனையிலும் ஆம்ப் முனையிலும் வோல்ட் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால் வயர் மெல்லியது, அல்லது எங்கோ பிடிமானம் சரியில்லை.

படி 3: கெயின்

எல்லோரும் தப்பு செய்யும் இடம் இது. கெயின் வால்யூம் அல்ல. ஸ்டீரியோ அனுப்பும் சிக்னலுக்கு ஏற்ப ஆம்பைப் பொருத்தும் திருகு. முழுக்கத் திருகினால் அலையின் தலை வெட்டுப்பட்டு, வாய்ஸ் காயில் கருகும். அந்த வாடை வந்துவிட்டால் பெரும்பாலும் கதை முடிந்தது.

ஆம்பிலிருந்து வூஃபர் வயரைக் கழற்றுங்கள். பேஸ் பூஸ்ட் பூஜ்யம், கெயினும் கடைசிவரை கீழே. லோ பாஸ் (மேலுள்ள ஒலியை வெட்டும் ஃபில்டர்) 80 ஹெர்ட்ஸ். ஸ்டீரியோ வால்யூமை முக்கால் பங்கு வைத்து 50 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டோன் (ஒரே சீரான சோதனை ஒலி) போடுங்கள். ஆம்ப், வூஃபர் இரண்டில் எதன் ஆர்எம்எஸ் வாட்ஸ் (தொடர்ந்து ஓடும் நிஜ பவர்) குறைவோ, அதை வூஃபரின் ஓம்ஸால் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். 300 வாட்ஸ், 4 ஓம்ஸ் என்றால் 1200. வர்க்கமூலம் சுமார் 34.6 வோல்ட். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஆம்பின் ஸ்பீக்கர் முனையில் அந்த எண் வரும்வரை கெயினை மெதுவாகக் கூட்டுங்கள். அணைத்துவிட்டு வூஃபரை மறுபடி இணையுங்கள். பெட்டி மேல் எழுதியிருக்கும் "மேக்ஸ் 1500 வாட்ஸ்" விளம்பரம், கணக்கில் சேர்க்காதீர்கள்.

படி 4: பெட்டியைத் திருப்புங்கள்

ஹேட்ச்பேக்கில் வூஃபர் பின்கதவைப் பார்த்தபடி இருந்தால் பெரும்பாலும் நன்றாக அடிக்கும். செடானில் டிக்கி தனி அறை மாதிரி. பின்சீட்டை மடக்கிக் கேட்டாலே வித்தியாசம் புரியும். ஓட்டையில்லாத சீல்டு பெட்டியானால், பாட்டு ஓடும்போது மூட்டுகளைச் சுற்றிக் கையை வைத்துப் பாருங்கள். காற்று உஸ்ஸென்று பட்டால் சிலிக்கான் பூசுங்கள். போர்ட் (காற்றுத் துளை) வைத்த பெட்டி என்றால், மிகத் தாழ்ந்த ஒலியை வெட்டும் சப்சானிக் ஃபில்டரை 25-30 ஹெர்ட்ஸில் போடுங்கள், இல்லையேல் கோன் கட்டுப்பாடில்லாமல் குதிக்கும்.

இத்தனைக்கும் பிறகு பின்னாலிருந்து கடகடவென்று ஒரு சத்தம் வரும். வூஃபர் கிழிந்துவிட்டதோ என்று பதறாதீர்கள். முதலில் நம்பர் பிளேட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். பின்புறம் இரண்டு துண்டு ஃபோம் டேப் ஒட்டினால் அடங்கிவிடும்.