'வைஃபை வரல' என்று மட்டும் எழுதினால் யாரும் வரமாட்டார்கள்: லினக்ஸில் மாட்டிக்கொண்டவர்கள் உதவி கேட்கும் முறை

தண்டையார்பேட்டையில் எங்கள் மாடி வீட்டுப் பெண் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். லேப்டாப் ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு நின்றுவிட்டது, விண்டோஸ் 11-ஐ அந்த மெஷின் ஏற்காது. சரி என்று அதற்குப் பதிலாக இலவச இயங்குதளமான லினக்ஸில் மின்ட் என்ற வகையைப் போட்டுக் கொடுத்தேன். ஒரு வாரம் நன்றாக ஓடியது. அப்புறம் ஒரு நாள் ராத்திரி போன்: "அண்ணா, வைஃபையே காட்டமாட்டேங்குது."

நான் ஊரில் இல்லை. அவளே ஆன்லைனில் ஒரு லினக்ஸ் குழுவில் கேட்டிருக்கிறாள். கேள்வி இவ்வளவுதான்: 'வைஃபை நாட் ஒர்க்கிங், அர்ஜென்ட், ப்ளீஸ் ஹெல்ப்'. மூன்று நாளில் வந்தது ஒரே பதில், 'எந்த லேப்டாப், எந்த லினக்ஸ்?' அதையும் அவள் பார்க்கவில்லை.

என் சித்தப்பா காசிமேட்டில் விசைப்படகு இன்ஜின் மெக்கானிக். கடலில் இருந்து 'இன்ஜின் நின்னுபோச்சு' என்று போன் வந்தால் அவர் பதறுவதே இல்லை. "பொகை என்ன கலரு? ஆயில் எவ்ளோ காட்டுது? நிக்கறதுக்கு முன்னாடி என்ன பண்ண?" என்று வரிசையாகக் கேட்பார். கரையில் இருப்பவருக்கு இன்ஜின் கண்ணுக்குத் தெரியாது, படகு டிரைவர் சொல்வதுதான் தெரியும். லினக்ஸில் உதவுகிறவரும் கரையில்தான் இருக்கிறார், பெரும்பாலும் வேறு நாட்டில். அவர் கேட்கப்போவதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் வேலை பாதி முடிந்தது. அதை எப்படிச் செய்வது என்று பார்ப்போம்.

முதலில் நெட்டுக்கு ஒரு வழி

வைஃபை போய்விட்டால் கேள்வியை எப்படிப் போடுவது? போனில் தட்டலாம், ஆனால் லேப்டாப்பில் இருக்கும் விவரத்தைப் போனுக்குக் கொண்டுவருவது தலைவலி. சார்ஜர் கேபிளால் ஆண்ட்ராய்டு போனை லேப்டாப்பில் சொருகுங்கள். போன் செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் இருக்கும் பக்கத்திலேயே 'யுஎஸ்பி டெதரிங்' இருக்கும், அதை ஆன் செய்யுங்கள். பெரும்பாலான லினக்ஸ்கள் இதைக் கேபிள் நெட் போல எடுத்துக்கொள்ளும், டிரைவர் மென்பொருள் எதுவும் போட வேண்டாம். சார்ஜ் மட்டும் ஏற்றுகிற மலிவு கேபிளில் இது நடக்காது, டேட்டா போகிற கேபிள் வேண்டும்.

மெஷினையே பேச வையுங்கள்

லினக்ஸ் மின்ட் வைத்திருப்பவர்களுக்கு இது சுலபம். மெனுவில் 'சிஸ்டம் ரிப்போர்ட்ஸ்' என்று தேடித் திறந்து, 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' பகுதிக்குப் போனால் 'காப்பி' பட்டன் இருக்கும். அழுத்தினால் உங்கள் மெஷினின் ஜாதகமே கைக்கு வந்துவிடும்: எந்த மாடல், எந்த பிராசஸர், எந்த வைஃபை சிப், எந்த கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி).

மற்றவர்கள் கன்ட்ரோல், ஆல்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். உபுண்டு உட்பட நிறைய லினக்ஸ் வகைகளில், கட்டளைகளைத் தட்டும் ஜன்னலான டெர்மினல் திறக்கும். அதில் ஐ, என், எக்ஸ், ஐ என்ற நான்கு ஆங்கிலச் சிறிய எழுத்துகள், ஒரு இடைவெளி, ஒரு சின்னக் கோடு, பெரிய எஃப், சின்ன இசட். அவ்வளவுதான், என்டர். அந்தக் கட்டளையே இல்லை என்று சொன்னால், இன்க்ஸி என்ற அந்த மென்பொருளை லினக்ஸிலேயே இருக்கும் சாஃப்ட்வேர் செயலியிலிருந்து நிறுவிக்கொள்ளுங்கள். கடைசி இசட்டை விடாதீர்கள். ஐபி முகவரி, மேக் முகவரி, சீரியல் எண் போன்ற அடையாளம் காட்டும் விவரங்களை மறைப்பது அதுதான்.

புதியவர்கள் எல்லோரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. டெர்மினலில் கன்ட்ரோல் சி அழுத்தினால் காப்பி ஆகாது, ஓடிக்கொண்டிருக்கும் வேலை நின்றுவிடும். காப்பிக்கு ஷிஃப்டையும் சேர்த்து அழுத்த வேண்டும். நானே முதல் மாதத்தில் அப்டேட்டை நடுவில் நிறுத்திவிட்டு முழித்தவன்.

டெர்மினலை போனில் போட்டோ எடுத்து அனுப்பாதீர்கள். போட்டோவில் இருக்கும் எழுத்தை யாராலும் தேட முடியாது. எழுத்தாகவே ஒட்டுங்கள், பல தளங்களில் மேலேயும் கீழேயும் மூன்று பின்சாய்வு மேற்கோள் குறிகள் (```) வைத்தால் வரிகள் கலையாமல் நிற்கும். எஸ்கேப்புக்குக் கீழே, டேபுக்கு மேலே இருக்கும் பொத்தான் அது. மெஷின் பூட்டே ஆகவில்லை என்றால் போட்டோ தவிர வேறு வழி இல்லை, அப்போது பரவாயில்லை.

தமிழ் இடைமுகம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சிக்கல். எரர் தமிழில் வந்தால் ஜெர்மனியில் உட்கார்ந்திருப்பவருக்கு என்ன புரியும்? கட்டளைக்கு முன்னால் பெரிய எழுத்தில் எல்சி, ஒரு அடிக்கோடு, ஏஎல்எல், சமக்குறி, சி என்று இடைவெளி விடாமல் தட்டி, ஒரு இடைவெளிக்குப் பிறகு கட்டளையை ஓட்டினால் அந்த ஒரு தடவை மட்டும் ஆங்கிலத்தில் பேசும்.

கேட்பதற்கு முன் ஒரு தடவை தேடுங்கள்

எரர் வரியை அப்படியே இரட்டை மேற்கோளுக்குள் போட்டுத் தேடினால், நூற்றில் பாதிப் பிரச்சினைக்கு யாரோ ஏற்கெனவே பதில் எழுதியிருப்பார்கள் என்பது என் அனுபவம். ஆனால் தேதியைப் பாருங்கள். உபுண்டுவின் பதிப்பு எண்ணிலேயே தேதி இருக்கிறது: 24.04 என்றால் 2024 ஏப்ரல். 14.04-க்கு எழுதிய பதிலை அதில் ஓட்டினால் சில சமயம் சும்மா இருக்கும், சில சமயம் இருப்பதையும் கெடுக்கும். ஆர்ச் என்ற லினக்ஸ் வகைக்கான ஆர்ச் விக்கியை மற்ற லினக்ஸ்காரர்களும் படிக்கலாம், விளக்கம் அவ்வளவு ஆழம். நிறுவும் கட்டளைகள் மட்டும் உங்களுக்குப் பொருந்தாது.

கேள்வியை எழுதுவது

எங்கே கேட்பது என்று நிறைய யோசிக்க வேண்டாம். உபுண்டு என்றால் ஆஸ்க் உபுண்டு என்ற கேள்வி-பதில் தளம், மின்ட் என்றால் மின்ட்டின் சொந்த மன்றம், டெபியன் என்றால் அவர்களின் மின்னஞ்சல் குழு. தமிழில் படித்துப் புரிந்துகொள்ள கணியம் என்ற இணைய இதழ் இருக்கிறது. சென்னையிலும் காஞ்சிபுரத்திலும் லினக்ஸ் பயனர் குழுக்கள் உண்டு, அங்கே தமிழிலேயே கேட்கலாம். ஒரே கேள்வியை ஒரே நேரத்தில் நாலு இடத்தில் போடாதீர்கள். ஒருவர் அங்கே தீர்த்துவைத்ததை இன்னொருவர் இங்கே முதலிலிருந்து ஆரம்பித்தால், தெரிந்ததும் அவருக்குக் கடுப்பாகாதா?

தலைப்பில் 'அவசரம்' வேண்டாம், எல்லோருக்கும் அவசரம்தான். ஊர் திரும்பியதும் மாடி வீட்டுப் பெண்ணுடன் உட்கார்ந்து மாற்றி எழுதிய கேள்வி கிட்டத்தட்ட இப்படி இருந்தது:

'மின்ட் 22: நாலு நாளாக வைஃபை பட்டியல் காலியாக இருக்கிறது, யுஎஸ்பி டெதரிங் வேலை செய்கிறது. ஒரு வாரம் வைஃபை ஓடியது. நாலு நாளுக்கு முன் லேப்டாப்பைப் பையில் போட்டுக் கல்லூரிக்கு எடுத்துப்போனேன், திரும்பி வந்து திறந்தபோது இல்லை. இடையில் அப்டேட் எதுவும் செய்யவில்லை. ரீஸ்டார்ட் செய்து பார்த்தேன், பழைய கெர்னலில் பூட் செய்து பார்த்தேன், மாற்றம் இல்லை. சிஸ்டம் விவரம் கீழே.'

இதில் உயிர் இருப்பது நடுவில்தான்: கடைசியாக எப்போது ஓடியது, அதற்கும் இதற்கும் இடையில் என்ன நடந்தது. 'நான் ஒண்ணுமே பண்ணல' என்று எழுதத்தான் அவள் பார்த்தாள். பையில் போட்டதைச் சொல்ல வேண்டுமா என்றுகூடக் கேட்டாள். சொல்லு என்றேன்.

இன்னொன்று. உங்கள் ஊகத்தைக் கேள்வியாக்காதீர்கள். 'வைஃபை டிரைவரை எப்படி அழித்துவிட்டு மறுபடி போடுவது?' என்று கேட்டால், நல்ல மனிதர் ஒருவர் அதைத்தான் சொல்லித் தருவார். டிரைவரில் கோளாறே இல்லை என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

பதில் வந்த பிறகு

பதில் சொல்பவர்களில் பலர் ஐரோப்பா, அமெரிக்காக்காரர்கள். நம் சாயங்காலத்தில் போட்டால் அவர்கள் விழித்திருப்பார்கள், நீங்களும் பக்கத்தில் இருந்து உடனே பதில் சொல்லலாம். காலையில் போட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போய்விட்டால் ஒரு நாள் வீண்.

யாரோ ஒரு கட்டளை கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு ஒட்டாதீர்கள். சூடோ என்று ஆரம்பித்தால் அது முழு அதிகாரத்தோடு ஓடும் என்று அர்த்தம். ஆர்எம் என்பது அழிப்பது, அதன் பின்னால் ஆர்எஃப் சேர்ந்தால் கேள்வி கேட்காமல் அழிப்பது. விளையாட்டு என்று நினைத்து இதைக் கொடுக்கும் ஆட்களும் இணையத்தில் உண்டு. புரியாவிட்டால் 'இது என்ன செய்யும்?' என்று கேளுங்கள், அதில் வெட்கம் இல்லை. மின்ட்டில் டைம்ஷிஃப்ட் என்ற கருவி கூடவே வருகிறது. எதையும் மாற்றுவதற்கு முன் அதில் ஒரு ஸ்னாப்ஷாட் (அப்போதைய நிலையின் பதிவு) எடுத்துவிட்டால் கெட்டாலும் பின்னால் போகலாம். அது சிஸ்டத்தைத்தான் காப்பாற்றும், உங்கள் அசைன்மென்ட்டை அல்ல. அதற்குத் தனியாக பென் டிரைவ்.

மாடி வீட்டுப் பெண்ணுக்கு இந்தத் தடவை ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. 'ஆர்எஃப்கில் லிஸ்ட் என்று தட்டி, வருவதை ஒட்டுங்கள்' என்றார் ஒருவர். வைஃபை, ப்ளூடூத் போன்றவை தடுக்கப்பட்டிருக்கின்றனவா என்று காட்டும் கட்டளை அது, எதையும் மாற்றாது. அதில் சாஃப்ட் பிளாக்டு 'நோ', ஹார்டு பிளாக்டு 'யெஸ்' என்று வந்தது. சாஃப்ட் என்றால் மென்பொருள் தடுத்திருக்கிறது, ஹார்டு என்றால் பெரும்பாலும் வெளியே ஏதோ ஒரு ஸ்விட்ச். அடுத்த பதில் ஒரே வரி: 'லேப்டாப்பின் ஓரங்களைத் தடவிப் பாருங்கள், பையில் போட்டபோது ஏதாவது நகர்ந்திருக்கும்.'

முன் ஓரத்தில், அரிசி அளவுக்கு ஒரு ஸ்விட்ச். தள்ளினோம், வைஃபை வந்தது.

தீர்ந்ததும் தலைப்பில் 'தீர்ந்தது' என்று சேர்த்து, எது தீர்த்தது என்று ஒரு வரி எழுத வேண்டும். 'ஓகே தேங்க்ஸ்' போதாது. இதே மாடலை வாங்கிய வேறு ஒருவர் அடுத்த வருடம் தேடி வருவார். வெறும் ஸ்விட்ச் என்று எழுத அவளுக்குக் கூச்சம், நான் விடவில்லை. எழுதி முடித்துவிட்டு அந்த ஸ்விட்ச் மேல் செலோ டேப் ஒட்டிக்கொண்டாள்.