லோடு வண்டிக்கு என்ஜின் மாற்றும்போது: கார்புரேட்டரா, இன்ஜெக்ஷனா?

பெட்ரோல் லோடு வண்டிக்கு வேறு என்ஜின் ஏற்றுகிறவர்கள் இழுவையையும் மைலேஜையும்தான் முதலில் விசாரிக்கிறார்கள். அதைவிட முக்கியம், என்ஜினோடு என்னென்ன சேர்ந்து வருகிறது என்பது. கார்புரேட்டர் என்ஜின் உறிஞ்சும் காற்றிலேயே பெட்ரோலைக் கலந்துவிடும்; இன்ஜெக்ஷனில் ஒரு கம்ப்யூட்டர் அளந்து பீய்ச்ச வைக்கும். சென்னை புதுப்பேட்டையிலோ காயலான் கடையிலோ இன்ஜெக்ஷன் என்ஜின் எடுத்தால் வயரிங் வெட்டுப்படாமல் முழுசாக இருக்க வேண்டும். ஈசியூ (அந்த கம்ப்யூட்டர்), சென்சார்கள், காற்றை அளவாக விடும் திராட்டில் பாடி எல்லாம் ஒரே வண்டியிலிருந்து வந்திருக்க வேண்டும். இம்மொபிலைசர் (சொந்தச் சாவி இல்லாமல் ஓடவிடாத பூட்டு) உள்ள மாடல் என்றால் சாவியையும் கேட்டு வாங்குங்கள். அது இல்லாவிட்டால் ஸ்டார்ட்டர் சுற்றும், என்ஜின் பிடிக்காது. இவ்வளவும் கிடைத்தால் தயங்காமல் இன்ஜெக்ஷன். வயரை அறுத்து வைத்திருந்தால், சல்லிசாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

"மேலே ஒரு கார்புரேட்டர் மாட்டிக்கலாம்" என்ற யோசனையை நம்பாதீர்கள். பெரும்பாலான இன்ஜெக்ஷன் என்ஜின்களில் ஸ்பார்க்கையும் ஈசியூதான் கொடுக்கிறது. பலவற்றில் ஸ்பார்க்கை பிளக்குகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் பூட்ட இடமே கிடையாது. கார்புரேட்டர்தான் வேண்டுமென்றால் கார்புரேட்டரோடு வந்த என்ஜினையே தேடுங்கள். மூலக்கடை, வியாசர்பாடி போன்ற உள்ளூர் ஓட்டத்துக்கு அது போதும். பெட்ரோல் வரும் சிறு துளையான ஜெட் அடைத்தால் ரோட்டோரத்திலேயே கழற்றி ஊதிவிடலாம். ஆனால் இப்போதைய இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் ஓஸும் டயாபிரமும் உப்பிப் போகும், கலவையும் லீனாகும், அதாவது காற்று கூடிப்போகும். எத்தனால் தாங்கும் ரிப்பேர் கிட் போட்டு, ஐடிலிங்கை (ஆக்சிலரேட்டர் தொடாதபோது ஓடும் வேகத்தை) மறுபடி செட் செய்ய வேண்டும்.

அதிகம் தப்பு நடப்பது பெட்ரோல் லைனில். கார்புரேட்டருக்கு 3 முதல் 5 பிஎஸ்ஐ பிரஷர் போதும். இன்ஜெக்ஷனுக்கு ஏறக்குறைய 43, அதாவது 3 பார். பழைய ஓஸும் சாதா கிளாம்பும் அதைத் தாங்காது, சூடான என்ஜின் மேலேயே பெட்ரோல் பீய்ச்சும். 30ஆர்9 என்று அச்சடித்த, இன்ஜெக்ஷன் பிரஷர் தாங்கும் ஓஸ் போடுங்கள். டேங்குக்குள் பம்ப், தனி ரிலே, ஃபியூஸ், மாடலுக்குத் தேவையானால் மிச்சப் பெட்ரோலை டேங்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் லைன், எல்லாம் வேண்டும். பிரஷர் கேஜ் மாட்டிச் சாவியை ஆன் செய்தால் பம்ப் ஓரிரு விநாடி ஓடி நிற்கும். முள் ஏறிய இடத்திலேயே சில நிமிடம் நிற்க வேண்டும். மளமளவென்று இறங்கினால் பம்ப் வால்விலோ ரெகுலேட்டரிலோ இன்ஜெக்டரிலோ கசிவு. மாறாக, இந்த பம்பை கார்புரேட்டருக்குக் கொடுத்தால் அதன் நீடில் வால்வால் பெட்ரோலைத் தடுக்க முடியாது. ஓவர்ஃப்ளோ ஆகித் தீப்பிடிக்கலாம்.

கடலோர காசிமேடு, எண்ணூர் பக்கம் நிற்கும் வண்டிகளில் உப்புக்காற்றால் எர்த் முனையில் (பேட்டரி மைனஸ் என்ஜினோடும் பாடியோடும் சேரும் இடத்தில்) பச்சைப் பொடி படியும். அதனால் என்ஜின் விட்டுவிட்டு ஓடும் மிஸ்ஸிங்குக்கு சென்சார் மேல் சென்சாராக மாற்றிப் பணத்தைக் கரைப்பார்கள். முதலில் ஸ்டார்ட்டர் சுற்றும்போது என்ஜின் பிளாக்குக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே மல்டிமீட்டர் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பட்டையைக் கழற்றிச் சுரண்டி, கிரீஸ் தடவி இறுக்குங்கள். கணேசபுரம் சப்வே போல மழைக்குத் தண்ணீர் தேங்கும் வழியில் ஓட்டுவதானால், ஈசியூவைத் தரையில் வைக்காமல் டேஷ்போர்டுக்குள் உயரத்தில் பூட்டுங்கள்.

என்ஜினுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே ஆர்டிஓவில் கேட்டுவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி அனுமதி வேண்டும். புது என்ஜின் நம்பர் ஆர்சியில் ஏற வேண்டும். அதற்குக் கடைக்காரரிடம் என்ஜின் நம்பர் போட்ட பில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.